மூச்சில் வரும் எமன்: மலைச் செம்மறிகள் பற்றி வாசகர் கேள்வி – பதில்

வட அமெரிக்காவின் மேற்கு மலைகளில் வாழும் ‘பிக்ஹார்ன்’ என்னும் காட்டுச் செம்மறியைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். மெக்ஸிகோவின் பாலைவனம் முதல் கனடாவின் ராக்கி மலைகள் வரை பரவியிருந்த அந்த ஆடு, வேட்டையாலும் மேய்ச்சல் மந்தைகளோடு வந்த நோயாலும் பல மாநிலங்களில் அடியோடு அழிந்தது. பிறகு பிற இடங்களில் பிடித்துவந்து விட்டு, மெல்ல மீட்டார்கள். கட்டுரையைப் படித்த பலர் நோயைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். அதனால் அதற்குக் கூடுதல் இடம் தந்திருக்கிறோம்.

படத்தில் பார்த்தால் உடம்பு மான் மாதிரி இருக்கிறது. கம்பளியே இல்லை. இதை எப்படிச் செம்மறி என்கிறீர்கள்?
— கொடைக்கானல் வாசகி

கம்பளி, மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த குணம். காட்டுச் செம்மறிக்கு மேலே முரட்டு மயிரும் அடியில் குளிருக்கான மெல்லிய உரோமமும்தான் உண்டு. நம் மெச்சேரி, வேம்பூர் ஆடுகளுக்கும் கம்பளி கிடையாது. அவை செம்மறி இல்லை என்று யாரும் சொல்வதில்லையே.

அடையாளம் வேறு இடத்தில் இருக்கிறது. செம்மறிக்குக் கண்ணுக்கு முன்னால் ஒரு சுரப்பி உண்டு, நான்கு கால்களிலும் குளம்புப் பிளவுக்கு நடுவே ஒன்று உண்டு, தொடையிடுக்கிலும் உண்டு. வெள்ளாட்டு இனத்தில் முகச் சுரப்பியும் தொடையிடுக்குச் சுரப்பியும் இல்லை. வெள்ளாட்டுக் கிடாவுக்கு இருக்கும் தாடியும் வீச்சமும் செம்மறிக் கிடாவுக்கு இல்லை.

உலகில் காட்டுச் செம்மறிகளைப் பொதுவாக ஆறு வகையாகப் பிரிப்பார்கள். மேற்கு ஆசியாவின் மூஃப்லான், நடு ஆசியாவிலிருந்து லடாக் வரை வரும் யூரியல், உருவத்தில் எல்லாவற்றையும்விடப் பெரிய ஆர்காலி, சைபீரியாவின் பனிச் செம்மறி, அலாஸ்கா பக்கத்து டால் செம்மறி, பிறகு நம் பிக்ஹார்ன். குரோமோசோம் எண்ணிக்கையில் யூரியலுக்கு 58, ஆர்காலிக்கு 56, மூஃப்லானுக்கும் பிக்ஹார்னுக்கும் 54, பனிச் செம்மறிக்கு 52. வீட்டுச் செம்மறிக்கும் 54தான். அது மூஃப்லான் வழியில் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் பழக்கப்பட்ட விலங்கு. பிக்ஹார்னின் மூதாதை ஆசியாவிலிருந்து, இன்று கடலுக்கடியில் கிடக்கும் பெரிங் நிலப்பாலம் வழியே அமெரிக்காவுக்குப் போனது. வீட்டு ஆட்டின் கிருமிகளோடு சேர்ந்து வாழாமல் வெகுகாலம் ஒதுங்கியிருந்த இனம் என்பதை நினைவில் வையுங்கள். நோய் பற்றிய பதிலுக்கு இது வேண்டும்.

இரண்டு கிடா மோதுகிற வீடியோவைப் பார்த்தேன். மண்டை உடையாதா? கொம்பை வைத்து வயதைச் சொல்லலாம் என்கிறார்களே, அது உண்மையா?
— மதுரை மாணவர்

வயதைச் சொல்லலாம், கிடாவுக்கு மட்டும் நம்பி. கொம்பு என்பது எலும்புத் தண்டின் மேல் ஏறிய உறை. நம் நகத்தில் இருக்கும் கெரட்டின்தான். மானின் கொம்பு போல ஆண்டுதோறும் உதிராது. வசந்தத்திலிருந்து இலையுதிர் காலம்வரை வளரும், குளிர்காலத்தில் நின்றுவிடும். அந்த நிறுத்தம் ஆழமான வளையமாகப் பதியும். வளையத்தை நுனியிலிருந்து எண்ணினால் வயது. கொம்பு முழுக்கச் சிறு வரிகள் ஓடுவதால் புதிதாகப் பார்ப்பவர்கள் அவற்றையும் எண்ணிவிடுவார்கள். விரல் நகத்தால் தடவினால் பள்ளமாகச் சிக்குவதே ஆண்டு வளையம். அது கொம்பைச் சுற்றி முழு வட்டமாக ஓடும். வயதான கிடாவில் நுனி தேய்ந்தும் உடைந்தும் போயிருப்பதால் முதல் ஆண்டின் வளையமே காணாமல் போயிருக்கும். அப்போது ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். பெட்டையின் கொம்பில் நான்கைந்து வயதுக்குப் பிறகு வளையங்கள் நெருங்கி ஒட்டிக்கொள்ளும், கணக்கு தவறும்.

மோதல் விஷயம். பெரிய கிடாவின் கொம்பு மட்டும் 14 கிலோ வரை எடை வரும். மண்டையோடு இரண்டு அடுக்கு. நடுவே எலும்புத் தூண்கள் தாங்கிய காற்றறைகள். கழுத்தில் தடித்த தசைநார் தலையை முதுகோடு இழுத்துப் பிடிக்கும். இவை அதிர்ச்சியைப் பரப்பிவிடுகின்றன. ஆனாலும் மூளைக்குச் சேதமே இல்லை என்று சொல்ல முடியாது. 2022-ல் வெளியான ஓர் ஆய்வில், தலையால் மோதும் விலங்குகளின் மூளையைப் பரிசோதித்தபோது ஆர்க்டிக் கஸ்தூரி எருதில் அடிபட்டதன் அடையாளங்கள் தெளிவாக இருந்தன. பிக்ஹார்னில் மிகக் குறைவாக இருந்தன. பார்த்த மூளைகள் சிலவே.

எல்லாக் கிடாக்களும் மோதுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கொம்பின் அளவைக் காட்டினாலே சிறியது ஒதுங்கிவிடும். ஏறக்குறைய ஒரே அளவுள்ளவைதான் முட்டிப் பார்க்கும். ராக்கி மலைகளில் நவம்பர், டிசம்பரில் இணைசேரும். சினைக்காலம் ஏறக்குறைய ஆறு மாதம், பெரும்பாலும் ஒற்றைக் குட்டி. மே கடைசியிலும் ஜூனிலும், புல் துளிர்க்கும் நேரத்தில் பாறை விளிம்பில் ஈனும். பெரிய கிடா காவல் காக்கும் பெட்டையிடம் சிறிய கிடாக்கள் பாய்ந்து புகுந்து இணைவதும் உண்டு. கணிசமான குட்டிகள் அப்படிப் பிறப்பவைதான்.

நாங்கள் மூன்று தலைமுறையாகச் செம்மறி வளர்ப்பவர்கள். எங்கள் ஆடு காட்டு ஆட்டைக் கொல்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் ஆடு நோயில்லாமல் நன்றாக மேயும்போது இன்னொரு ஆட்டுக்கு அது எப்படி நோய் தரும்?
— கரூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர்

ஐயா, கேட்க வேண்டிய கேள்வி இதுதான். நோயில்லாமல் மேய்வதுதான் சிக்கலே.

வீட்டுச் செம்மறியின் மூக்கிலும் தொண்டையிலும் ‘மைக்கோபிளாஸ்மா ஓவிநிமோனியே’ என்ற நுண்ணுயிர் வாழும். பல மந்தைகளில் அது சாதாரணம். கொஞ்சம் இருமலோடு போய்விடும். பெரும்பாலான ஆடுகள் எதையும் காட்டாது. இதே கிருமி பிக்ஹார்னின் மூச்சுக்குழலுக்குள் போனால் கதை மாறுகிறது. மூச்சுக்குழலின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் அசைந்து அசைந்து தூசியையும் சளியையும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். மைக்கோபிளாஸ்மா அந்த மயிர்களில் ஒட்டிக்கொண்டு அவற்றை முடக்குகிறது. துப்புரவு நின்றதும், எப்போதும் தொண்டையில் இருக்கும் வேறு பாக்டீரியாக்கள் நுரையீரலுக்குள் இறங்கிப் பெருகுகின்றன. அவற்றில் ‘மான்ஹைமியா’ என்பது வெளியிடும் நச்சு, உடம்பைக் காக்கும் வெள்ளை அணுக்களையே உடைக்கும். பிக்ஹார்னின் வெள்ளை அணுக்கள் அந்த நச்சுக்கு மிகவும் எளிதில் பலியாகும். முடிவு நிமோனியா.

வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1980-களில் இரண்டு இனங்களையும் ஒரே பட்டியில் விட்டுப் பார்த்தார்கள். வீட்டு ஆடுகள் நலமாக இருந்தன, பிக்ஹார்ன்கள் இறந்தன. வெறும் நெரிசலும் பயமுமே காரணமாக இருக்கலாமே என்று கேட்டவர்களுக்கு, 2012-ல் வெளியான சோதனை பதில் சொன்னது. மைக்கோபிளாஸ்மா இல்லாத வீட்டுச் செம்மறிகளோடு பிக்ஹார்ன்களைச் சேர்த்து வைத்தபோது அவற்றில் பெரும்பாலானவை பிழைத்திருந்தன. அதற்கு முன் பல காலம் நுரையீரல் புழுவையே முதல் குற்றவாளியாக நினைத்துக் குடற்புழு மருந்து கலந்த தீவனமெல்லாம் மலையில் வைத்திருக்கிறார்கள்.

நோய் புகுந்தால் முதல் அலையில் எல்லா வயது ஆடுகளும் சாகும். ஒரு கூட்டத்தில் பத்தில் ஒன்று போகலாம், பத்தில் ஒன்பதும் போகலாம். கலிபோர்னியாவின் லாவா பெட்ஸ் பகுதியில் 1971-ல் மறுபடி கொண்டுவந்து விட்ட கூட்டம், வீட்டுச் செம்மறிகளோடு கலந்தபின் 1980-ல் முழுக்க அழிந்தது. அதைவிடக் கொடுமை அடுத்து வருவது. தப்பிய பெட்டைகளில் ஒன்றிரண்டு கிருமியை மூக்கில் சுமந்துகொண்டே இருக்கும். வெளியே பார்த்தால் அவை நலமாகத் தெரியும். கோடையில் எல்லாத் தாய்களும் குட்டிகளோடு ஒரே பாறைச் சரிவில் கூடும்; குட்டிகள் மூக்கோடு மூக்கு உரசி விளையாடும். தாய்ப்பால் தந்த எதிர்ப்பு குறையும் ஒன்று முதல் மூன்று மாத வயதில் குட்டிகள் வரிசையாகச் சாகும். ஆண்டுதோறும் இப்படியே போகும். பெரிய ஆடுகளை மட்டும் எண்ணுகிறவர்களுக்கு சில ஆண்டுகள் வரை எதுவும் தெரியாது. பிறகு கிழடாகி எல்லாம் சேர்ந்து போகும்.

வெள்ளாட்டிலும் இந்தக் கிருமி உண்டு. அதன் வகைகள் கொஞ்சம் மட்டுப்பட்டவை, ஆனால் பாதுகாப்பானவை அல்ல. மலையேறுபவர்கள் சுமை தூக்க வெள்ளாடு கூட்டிப்போவதை அங்கே பல இடங்களில் தடுப்பது இதனால்தான். மாடு இந்த விதத்தில் ஆபத்துக் குறைவு. சில இடங்களில் செம்மறி மேய்ச்சல் உரிமையை மாட்டு மேய்ச்சலாக மாற்றியிருக்கிறார்கள்.

அப்படியானால் எத்தனை தூரம் தள்ளி மேய்த்தால் போதும்?
— அதே வாசகர்

முன்பு சுமார் 15 கிலோமீட்டர் என்று ஒரு கணக்குச் சொன்னார்கள். அதை நம்பி உட்கார முடியாது. இணைசேரும் பருவத்தில் கிடா தனியாகக் கிளம்பி, கூட்டத்தின் எல்லையிலிருந்து 30 கிலோமீட்டருக்கும் மேல் போய்த் திரும்பும். போன இடத்தில் வீட்டுப் பெட்டை பருவத்தில் இருந்தால் மந்தைக்குள்ளேயே நிற்கும். திரும்பும்போது கிருமியோடு வரும். இன்னொரு வழி, மந்தையிலிருந்து விலகிய ஒற்றை வீட்டு ஆடு, துணை தேடிக் காட்டு ஆடுகளோடு சேர்வது. செம்மறி தனியாக இருக்கப் பிடிக்காத பிராணி என்பது உங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதனால் இன்று ஒரே தூரம் என்று வைக்காமல், கூட்டம் எங்கே வாழ்கிறது, கிடாக்கள் எவ்வளவு தூரம் போகின்றன, நடுவில் ஆறோ நெடுஞ்சாலையோ அடர்ந்த காடோ தடுக்கிறதா என்று பார்த்து ஒவ்வொரு மேய்ச்சல் நிலத்துக்கும் தனித்தனியாக ஆபத்தைக் கணக்கிடுகிறார்கள். இடாஹோவின் பேயெட் தேசிய வனத்தில் அப்படிக் கணக்கிட்டு, 2010-ல் செம்மறி மேய்ச்சல் பரப்பைப் பெருமளவு குறைத்தார்கள். மேய்ப்பவர் தரப்பு வழக்குத் தொடுத்தது. 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வனத்துறை முடிவை ஏற்றது.

பக்கத்தில் மேய்க்கத்தான் வேண்டும் என்றால் செய்யக்கூடியவை சில. மலைக்கு ஏற்றுமுன் இருமும், மூக்கொழுகும் ஆடுகளைக் கீழேயே நிறுத்த வேண்டும். காட்டு ஆடு வாழும் பள்ளத்தாக்கு வழியே ஓட்டிக்கொண்டு போகாமல் லாரியில் ஏற்ற வேண்டும். ஏற்றும்போதும் இறக்கும்போதும் எண்ண வேண்டும். பெரிய மந்தையில் தினமும் முழுக்க எண்ண முடியாது. அதற்கு, கழுத்துமணி கட்டிய ஆடுகளையும் கறுப்பு ஆடுகளையும் குறியாக வைத்து மாலையில் அவற்றைச் சரிபார்ப்பார்கள். குறி ஆட்டில் ஒன்று குறைந்தால் அதோடு இன்னும் சில போயிருக்கும். பருவம் முடிந்து இறங்கியபின் மலையில் ஒரு ஆடுகூடத் தங்கக் கூடாது. பெரும்பாலும் தவறுவது இந்தக் கடைசிப் படியில்தான்: பத்து ஆட்டுக்காக யார் திரும்ப ஏறுவது என்று விட்டுவிடுவார்கள். மேய்ப்பவருக்கு மாற்று மேய்ச்சல் நிலம் கொடுக்காமல் வெளியேறச் சொல்வது நியாயமில்லை என்பதே எங்கள் கருத்து. நிலம் கொடுத்த இடங்களில் சண்டையும் குறைந்திருக்கிறது.

கோழிக்குக்கூடத் தடுப்பூசி இருக்கிறது. இதற்கு இல்லையா? மருந்தாவது கொடுக்கலாமே?
— நாமக்கல் வாசகி

காட்டுக் கூட்டத்தைக் காப்பாற்றும் என்று நிரூபணமான தடுப்பூசி இதுவரை இல்லை. மைக்கோபிளாஸ்மாவுக்கு செல்சுவர் கிடையாது. செல்சுவரை உடைத்துக் கொல்லும் பெனிசிலின் வகை மருந்துகள் அதை ஒன்றும் செய்யாது. வேலை செய்யக்கூடிய வேறு மருந்துகள் உண்டு, ஆனால் பாறை விளிம்பில் நிற்கும் ஆட்டுக்கு யார் நாள்தோறும் ஊசி போடுவது? ஒரு தடவை போட்டாலும் கிருமி முழுக்கப் போகாது.

பலன் தந்த வழி வேறு. நோயைச் சுமக்கும் சில பெட்டைகளைக் கண்டுபிடித்து அகற்றுவது. ஆடுகளைப் பிடித்து, மூக்கின் உள்ளே பஞ்சுக்குச்சியால் துடைத்துப் பிசிஆர் பரிசோதனை செய்து, காதுவில்லையும் கழுத்துப்பட்டையும் மாட்டி விடுவார்கள். சில மாதம் கழித்து மறுபடி பிடித்துப் பார்ப்பார்கள். திரும்பத் திரும்பக் கிருமி காட்டுவதை மட்டும் கூட்டத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். தெற்கு டகோட்டாவின் கஸ்டர் பூங்காவிலும், இடாஹோ–ஓரிகன்–வாஷிங்டன் எல்லையிலுள்ள ஹெல்ஸ் கேன்யனிலும் இதைச் செய்தபின் குட்டிகள் பிழைக்கத் தொடங்கின.

ஒரே ஒரு பரிசோதனையை நம்புவதுதான் இதில் வழக்கமான தவறு. சில ஆடுகள் ஒரு மாதம் கிருமியை வெளியிடும், அடுத்த மாதம் வெளியிடாது. முதல் முடிவிலேயே அகற்றினால் தானாகக் குணமாகக்கூடிய ஆட்டைக் கொல்லுவோம். முதல் முடிவில் ‘இல்லை’ என்று விட்டால் சுமப்பதை விட்டுவிடுவோம். அதோடு, வீட்டு மந்தையோடு உறவு தொடர்ந்தால் இத்தனை உழைப்பும் ஒரே நாளில் வீண். வேறு வகைக் கிருமி புதிதாக வந்தால் பழைய எதிர்ப்புச் சக்தி உதவாது.

ஆடுகளைப் பிடித்து வேறு மலையில் விட்டார்கள் என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். எப்படிப் பிடிக்கிறார்கள், எதைப் பார்த்து இடம் தேர்கிறார்கள்?
— கோவை வனவியல் மாணவி

முதலில் இடம். புல் நிறைய இருக்கிறதா என்று பார்ப்பது இரண்டாவது வேலை. தப்பி ஓடப் பாறை இருக்கிறதா என்பது முதல் வேலை. 27 பாகைக்கு மேல் சரிவுள்ள, கரடுமுரடான பாறையைத் தப்பிடம் என்பார்கள். அதிலிருந்து 300 மீட்டருக்குள் இருக்கும் மேய்ச்சல்தான் ஆடு உண்மையில் பயன்படுத்தும் மேய்ச்சல். அதைத் தாண்டிப் பச்சைப் பசேல் என்று கிடந்தாலும் பெட்டை குட்டியோடு போகாது. அடுத்தது பார்வை. பிக்ஹார்ன் கண்ணை நம்பி வாழ்கிறது. மரமும் புதரும் மண்டினால் பூமா என்னும் பெரிய காட்டுப்பூனை ஒளிந்து வரும். காட்டுத் தீயை அடக்கிக்கொண்டே வந்ததால் மரம் மூடிப்போன சரிவுகளைத் திட்டமிட்டு எரித்தோ வெட்டியோ திறந்துவிட்டிருக்கிறார்கள். பிறகு தண்ணீர், குளிர்கால மேய்ச்சல், கடைசியாக, ஆனால் எதைவிடவும் கறாராக, பக்கத்தில் வீட்டுச் செம்மறி இல்லையே என்பது.

ஆடு தரும் மூலக்கூட்டத்தின் மூக்குப் பரிசோதனை முடியாமல் ஓர் ஆட்டைக்கூட நகர்த்தக் கூடாது. ஏற்கெனவே ஆடு உள்ள மலையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதென்றால் இரண்டு பக்கக் கிருமிகளும் ஒத்துப்போக வேண்டும். ஒரு காலத்தில் எண்ணிக்கையைக் கூட்டும் அவசரத்தில் இதைப் பார்க்காமல் சேர்த்து, இரண்டு கூட்டத்தையும் நோயில் தள்ளியதுண்டு.

பிடிப்பது பெரும்பாலும் குளிர்காலத்தில். தீவனம் வைத்துப் பழக்கி மேலிருந்து பெரிய வலையை விழவைப்பது ஒரு முறை. ஒரே தடவையில் பல ஆடுகள் கிடைக்கும், ஆனால் அவை வலைக்குள் ஒன்றன்மேல் ஒன்று புரளாமல் உடனே ஓடிப்பிடிக்க நிறைய ஆள் வேண்டும். ஹெலிகாப்டரிலிருந்து வலைத்துப்பாக்கியால் ஒவ்வொன்றாகப் பிடிப்பது இன்னொரு முறை. துரத்தும் நேரம் சில நிமிடங்களைத் தாண்டினால் விட்டுவிட வேண்டும்.

விழுந்ததும் முதல் வேலை கண்ணைக் கட்டுவது. இருட்டானதும் ஆடு பாதி அடங்கும். காலைக் கட்டி, நெஞ்சு தரையில் படும்படி உட்கார்த்தி, தலையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். பக்கவாட்டில் கிடத்தினால் வயிறு உப்பும், அசைபோட்டது தொண்டைக்கு வந்து மூச்சுக்குழலில் இறங்கும். ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். 41 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வயிற்றிலும் தொடையிடுக்கிலும் குளிர்ந்த நீர் ஊற்றுவார்கள். 42-ஐ நெருங்கினால் மாதிரி எடுப்பதை நிறுத்திவிட்டு விடுவிப்பதே நல்லது. இதெல்லாம் ஏன்? மிதமிஞ்சி ஓடித் திமிறிய ஆட்டின் தசை சிதைந்து, அந்தக் கழிவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். விட்ட அன்று நன்றாக ஓடிய ஆடு சில நாள் கழித்துச் சாவது இதனால்தான்.

இரத்தம், மூக்குத் துடைப்பு, சாண மாதிரி எடுத்து, காதுவில்லை குத்தி, ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை மாட்டுவார்கள். இணைசேரும் பருவத்தில் கிடாவின் கழுத்து பருக்கும். அதற்கு விரிந்துகொடுக்கும் பட்டைதான் மாட்ட வேண்டும், இல்லையேல் சதையை அறுக்கும். பெட்டைகள் அதிகமாகவும் கிடாக்கள் குறைவாகவும், குறைந்தது இருபது ஆடாவது சேர்த்து, தப்பிடப் பாறையின் அடியில், பகல் வெளிச்சத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்துவிட வேண்டும். இரவில் விட்டால் சிதறும்.

இதில் மனம் நிறைக்கும் ஒரு கணக்கு மெக்ஸிகோவின் டிபுரோன் தீவு. 1975-ல் அங்கே 20 ஆடுகளை விட்டார்கள். சில பத்தாண்டுகளில் அது பல நூறாகி, பெருநிலத்தில் அழிந்த இடங்களுக்கு ஆடு தரும் மூலக்கூட்டமானது. தீவில் பூமா இல்லை, வீட்டுச் செம்மறியும் இல்லை.

இடம் மாற்றிய ஆடுகள் பருவத்துக்குப் பருவம் மலை ஏறி இறங்குமா? அது பிறவிக் குணம்தானே?
— தஞ்சாவூர் ஆசிரியர்

பிறவிக் குணம் இல்லை. கற்றுக்கொள்வது. அமெரிக்காவின் வயோமிங் பகுதியை மையமாகக் கொண்டு பிக்ஹார்ன்களுக்கும் மூஸ் மான்களுக்கும் ஜிபிஎஸ் பட்டை மாட்டிச் செய்த ஆய்வு 2018-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. பரம்பரையாக அங்கேயே இருந்த கூட்டங்களில் பெரும்பாலான ஆடுகள் பருவம் பார்த்து இடம்பெயர்ந்தன. புது மலையில் விடப்பட்ட ஆடுகளில் பத்தில் ஒன்றுகூடப் பெயரவில்லை. பனி உருகும் கோட்டைத் தொடர்ந்து ஏறினால் இளம் புல் மாதக்கணக்கில் கிடைக்கும் என்பது தாய்க்குத் தெரிந்தால்தான் குட்டிக்குத் தெரியும். புதுக் கூட்டம் அதை முழுசாகக் கற்க ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே ஒரு பழைய கூட்டம் அழிந்தால், அடுத்த ஆண்டே அதே எண்ணிக்கையில் ஆடுகளைக் கொண்டுவந்து விட்டாலும் ஈடாகாது. வயதான பெட்டைகளை ‘பயனற்றவை’ என்று கழிக்கும் திட்டங்களை நாங்கள் எதிர்ப்பதற்கும் இதுவே காரணம்.

பாலைவனத்தில் வாழும் பிக்ஹார்னுக்கு மனிதர்கள் தண்ணீர்த்தொட்டி கட்டுவது சரியா? எப்படிக் கட்டுகிறார்கள்?
— ராமநாதபுரம் வாசகர்

குளிர்காலத்தில் செடியிலுள்ள ஈரமே அதற்குப் போதும். கோடையில் சில நாள் தாங்கும், பிறகு குடித்தே ஆக வேண்டும். பழைய ஊற்றுகளில் பலவற்றை ஊரும் சாலையும் எடுத்துக்கொண்டன. ஆகவே மழைநீர்த்தொட்டி வைப்பது தவறல்ல.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 200 சதுர மீட்டர் பாறைத்தளத்தில் ஆண்டுக்கு 100 மில்லிமீட்டர் பெய்தால் 20,000 லிட்டர். கசிவும் ஆவியும் போக 15,000 என்று வையுங்கள். கோடையில் தலைக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர், 25 ஆடு, 120 நாள் என்றால் 12,000 லிட்டர் வேண்டும். மழை பொய்க்கும் ஆண்டையும் நினைத்து, தொட்டியின் கொள்ளளவை இதைப்போல் இரண்டு மடங்காவது வைக்க வேண்டும். தொட்டி மூடியும் நிழலிலும் இருக்க வேண்டும். குடிக்கும் வாய் மட்டும் திறந்து, சொரசொரப்பான சரிவாக இறங்க வேண்டும்.

சரிவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1995-ல் கலிபோர்னியாவின் மோஹாவி பாலைவனத்தில் நடந்தது சாட்சி. தண்ணீர் குறைந்த தொட்டிக்குள் குட்டிகள் விழுந்து ஏற முடியாமல் மூழ்கின. அழுகிய உடல்களில் பொட்டுலிசம் நச்சு உண்டாயிற்று. அந்தத் தண்ணீரைக் குடித்த பெரிய ஆடுகள் டஜன் கணக்கில் வாதம் வந்து செத்தன. அதே வட்டாரத்தில் 2013-ல் நிமோனியா வந்தது. எல்லா ஆடும் ஒரே தொட்டிக்கு வந்தால் நோயும் அங்கே கைமாறும் என்ற கவலை அப்போது எழுந்தது. ஒரே பெரிய தொட்டியைவிடத் தள்ளித்தள்ளிச் சில சிறு தொட்டிகள் மேல்.

கோடிக்கணக்கில் பணம் கொடுத்துப் பெரிய கொம்புள்ள கிடாவைச் சுடுகிறார்களாம். இது பாதுகாப்பா, அழிப்பா?
— சென்னை வாசகர்

அமெரிக்க மாநிலங்கள் ஒன்றிரண்டு வேட்டை அனுமதிகளை ஏலம் விடுகின்றன. லட்சக்கணக்கான டாலர் வருகிறது. இடமாற்றத்துக்கும் நோய்ப் பரிசோதனைக்கும் கணிசமான பணம் அதிலிருந்தே வந்திருக்கிறது. தஜிகிஸ்தானின் பாமிர் மலைகளில் மார்க்கோ போலோ ஆர்காலியை அந்த ஊர்க்காரர்கள் காவல் காப்பதற்கும் அப்படி வரும் வருமானம் ஒரு காரணம்.

ஆனால் விதியைத் தவறாக எழுதினால் இனமே மாறும். கனடாவின் ஆல்பர்ட்டாவில் ராம் மலை என்ற இடத்தில் ஒவ்வோர் ஆட்டையும் அடையாளம் கண்டு பல பத்தாண்டுகளாகத் தொடர்கிறார்கள். கொம்பு ஐந்தில் நான்கு சுற்று வந்த எந்தக் கிடாவையும் சுடலாம் என்பது அங்கே முன்பு விதியாக இருந்தது. வேகமாகக் கொம்பு வளரும் கிடா நாலைந்து வயதிலேயே அந்த அளவை எட்டிவிடும். நிறையக் குட்டிகளுக்குத் தந்தையாகும் வயதுக்கு முன்பே சுடப்படும். சிறு கொம்புக் கிடா தப்பிப் பிழைத்துத் தன் வம்சத்தைப் பரப்பும். தலைமுறைகள் போகப்போகக் கொம்பு சிறுத்ததை 2003-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். தீவனக் குறைவும் ஆட்டுப் பெருக்கமுமே முக்கியக் காரணம் என்று மறுத்தவர்கள் உண்டு. எவ்வளவு பங்கு எதற்கு என்பதில்தான் வாதம். பின்னர் செய்த ஆய்வுகளும் தேர்ந்தெடுத்துச் சுடுவதற்குப் பங்குண்டு என்றே சொல்லின.

வேட்டை இருந்தே தீரும் என்கிற நாட்டில், அனுமதி எண்ணிக்கையைக் கறாராகக் கட்டி, எட்டு வயதைத் தாண்டிய கிடாவை மட்டும் அனுமதித்து, வேட்டையே இல்லாத பகுதியை ஒட்டினாற்போல் வைப்பது சேதத்தைக் குறைக்கும். பணம் வருகிறது என்பதற்காக அளவு கூட்டுவதை ஏற்க முடியாது.

லடாக் போகிறோம். அங்கே செம்மறி பார்க்கலாமா?
— புதுச்சேரி வாசகி

பார்க்கலாம். சிந்து, ஷ்யோக் ஆற்றுப் பள்ளத்தாக்குகளின் தாழ்ந்த சரிவில் யூரியல். உள்ளூரில் ‘ஷாப்போ’ என்பார்கள். ஊரும் சாலையும் ராணுவ முகாமும் அதே பள்ளத்தாக்கில் இருப்பதால் அதற்குத்தான் நெருக்கடி அதிகம். சாங்தாங் பீடபூமியில் ஆர்காலி. அது பாறையில் ஏறித் தப்புவதில்லை. நீண்ட காலால் திறந்த வெளியில் ஓடித் தப்பும். எளிதில் கண்ணில் படுவது பாறையோரம் நிற்கும் பரல், ‘நீலச் செம்மறி’. பெயர்தான் செம்மறி, மரபணுவில் வெள்ளாட்டுக்கு நெருக்கம். பனிச்சிறுத்தையின் முக்கிய இரை அது. வண்டியை நிறுத்தி உள்ளிருந்தே தொலைநோக்கியில் பாருங்கள். ட்ரோன் வேண்டாம். நாய்களுக்குச் சோறு போடாதீர்கள். அங்கே பெருகிவிட்ட தெருநாய்கள் குட்டிகளை விரட்டிக் கொல்கின்றன.

நம் வரையாட்டுக்கும் இந்த மலைச் செம்மறிக்கும் சம்பந்தம் உண்டா?
— வால்பாறை வாசகர்

உண்டு. இமயமலையின் தார் ஆட்டுக்குத் தம்பி என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2005-ல் வெளியான மரபணு ஆய்வு, வரையாடு செம்மறிக் கிளைக்கு நெருக்கமானது என்று காட்டியது. அதற்குத் தனிப் பேரினமே வகுத்தார்கள். பாறை முகட்டைத் தப்பிடமாகக் கொண்டு பக்கத்துப் புல்வெளியில் மேய்வது, ஒற்றைக் குட்டி, ஏறக்குறைய ஆறு மாதச் சினை என வாழ்க்கையும் ஒத்துப்போகிறது.

தமிழ்நாட்டில் 2024-ல் எடுத்த கணக்கில் 1,031-ம், 2025-ல் 1,303-ம் வரையாடுகள் இருந்தன. இரண்டாவது தடவை அதிக இடங்களில் எண்ணியதும் அந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணம். ஒரே ஆண்டில் அத்தனை பெருகிவிட்டதாகக் கொள்ள வேண்டாம். இங்கே முதல் எதிரி நோய் அல்ல, புல்வெளியை மூடும் சீகை (வாட்டில்) மரம். வெட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கக் கூடாது. மண்ணில் கிடக்கும் விதை பல்லாண்டு உயிரோடிருந்து, வெயில் பட்டதும் அடர்ந்து முளைக்கும். வெட்டிய இடத்தில் ஆண்டுதோறும் நாற்றைப் பிடுங்கி, அந்த மலையின் புல்லையே தூர்தூராக நட்டால்தான் புல்வெளி திரும்பும்.

நோயை மறக்கவும் கூடாது. மங்கோலியாவில் 2016–17-ல் வீட்டு ஆடுகளிலிருந்து பரவிய ஆட்டுக்கொல்லி நோய் ஆயிரக்கணக்கான சைகா மான்களைக் கொன்றது. காட்டாடுகளும் ஆர்காலியும் தப்பவில்லை. இதற்கு நல்ல தடுப்பூசி இருக்கிறது. நான்கு மாதம் தாண்டிய குட்டிக்கு ஒரு தடவை போட்டால் மூன்று ஆண்டு தாங்கும். வரையாடு வாழும் மலையடி ஊர்களில் ஒரு வெள்ளாட்டையும் விடாமல் போடுவது, கால்நடைத் துறையும் வனத்துறையும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.

மலையில் காட்டு ஆட்டோடு வீட்டு ஆடு நிற்பதைப் பார்த்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
— உதகை மலையேற்றக் குழு

விரட்டாதீர்கள், விரட்டினால் இரண்டும் ஒன்றாகவே ஓடும். நின்ற இடத்தின் ஜிபிஎஸ் புள்ளி, நேரம், எத்தனை ஆடு, எத்தனை கிடா, காதில் வில்லை உண்டா, இருமலோ மூக்கொழுகலோ தெரிந்ததா, இரண்டு இனமும் எத்தனை மீட்டர் இடைவெளியில் நின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் முகம் தெரியும்படி தூரத்திலிருந்து ஒரு படம். அன்றைக்கே வனச்சரக அலுவலகத்தில் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்துச் சொன்னால் அந்த வீட்டு ஆட்டைத் தேடிப் பிடிப்பது கடினம். இறந்த ஆட்டைக் கண்டால் தொட வேண்டாம். நுரையீரல் மாதிரி அழுகுமுன் கால்நடை மருத்துவர் வர வேண்டும். வெயில் நாளில் அதற்கு ஒரு நாள்கூட அவகாசம் இருக்காது.